தங்கபுஷ்பம் கை நனைக்காத நாள்

தங்கபுஷ்பத்தின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஈரத்தோடு வருவார்கள். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில், வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டிக் கடை. துண்டு, ஜட்டி, சோப்பு, சீயக்காய்த் தூள், சின்ன பாட்டில்களில் நல்லெண்ணெய், நேந்திரங்காய் சிப்ஸ். அருவிக்குப் போகிறவர்கள் செருப்பையும் பையையும் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அவள் அடையாளத்துக்கு எதுவும் கொடுப்பதில்லை. முகத்தைப் பார்த்துக்கொள்வாள். தலை சீவி, பேசிச் சிரித்துக்கொண்டு போன ஆள், முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, பசியோடு, வேறு ஆள்போலத் திரும்பி வருவார். அவருடையதை எடுத்து நீட்டுவாள்.

ஒரு நாள் மட்டும் மாறிப்போயிற்று. போன ஜூலையில், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆலப்புழையில் நர்ஸாக இருக்கும் மகள் கிறிஸ்டி போனில் கூப்பிட்டாள். ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்றாள். பெயர் சிபி. அவர்களுக்குச் சொந்தமாக ஒரு ஹவுஸ்போட் இருக்கிறது, அவனும் அவன் அப்பாவும் ஓட்டுகிறார்கள் என்றாள். கடை முழுக்கக் கூட்டம். சீசன் முடியட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கபுஷ்பம் போனை வைத்தாள். அன்று மதுரைக்காரர் ஒருவர் விருதுநகர்க்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பரில் அருவியில் தண்ணீர் மெலிந்தது. கடைக்காரர்கள் பகலில் தூங்க ஆரம்பித்தார்கள். தங்கபுஷ்பம் தென்காசிக்குப் போய் அண்ணன் செல்லப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு அங்கே ஹார்டுவேர் கடை. ஆணி நிறுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பையன் மலையாளம், சபை வேறு, தொழில் படகு ஓட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை தராசைப் பார்த்தார்.

"போட்டு ஓட்டுதவன்னா ஒரு எடத்துல இருப்பானாட்டி?"

மற்ற இரண்டைப் பற்றித் தங்கபுஷ்பத்துக்குக் கவலை இல்லை. இதுதான் அவளுக்கும் கேள்வி. அண்ணனுக்கு அது தெரிந்திருந்தது. அதனால் அதற்குமேல் பேசாமல் ஆணியைப் பொட்டலம் கட்டினார்.

தங்கபுஷ்பம் கடையத்தில் பிறந்தவள். வாசுதேவநல்லூரில் ஜோஷ்வாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஜோஷ்வா ஒயரிங் வேலை பார்த்தவர். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வீட்டில் இருக்கிற நாட்களில் பிள்ளைக்குத் தலை பின்னி விடுவார். ஆனால் இருக்க மாட்டார். ஈரோட்டில் வேலை என்று போவார், அங்கிருந்து ஒசூர், அங்கிருந்து கொச்சி. திரும்பி வரும்போது ஏன் இத்தனை மாதம் என்று கேட்டால், அவருக்கே தெரியாததுபோலப் பார்ப்பார். அந்த நேரத்தில்தான் செல்லப்பா தங்கையைக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்து கடை வைத்துக் கொடுத்தார். கிறிஸ்டி எட்டாவது படிக்கும்போது, பெரும்பாவூரிலிருந்து யாரோ ஒருவர் போன் செய்து, உங்கள் வீட்டுக்காரர் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். செய்தி சொன்னவர் யார் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர் எப்போதோ போய்விட்டதை இப்போது சொல்கிறார்கள் என்றுதான் இருந்தது.

மகளுக்கு வேறு எது அமையாவிட்டாலும் பரவாயில்லை, இருக்கிறவனாக அமையவேண்டும் என்று நினைத்திருந்தாள். அதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. போய்ப் பார்க்கவேண்டும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற வழக்கம் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறதுதான். போகிறவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருப்பார்கள். பேச்சு முடியாத வீட்டில் கை நனைப்பதில்லை. ஒரு வாய் சோறு, ஒரு மடக்குக் காப்பி, எது உள்ளே போனாலும் சம்மதம் என்று அர்த்தமாகிவிடும். அதனால் காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். எதைக் கொடுத்தாலும் இப்போதுதான் ஆயிற்று என்று சிரிப்பார்கள். கொடுக்கிறவர்களும் வற்புறுத்த மாட்டார்கள்.

அண்ணனும் தங்கையும் முதல் நாளே பஸ் ஏறினார்கள். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர், கொல்லம் வழியாக ஆலப்புழை. கிறிஸ்டி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து வைத்திருந்தாள். சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். பழைய கடல்பாலத்தின் இரும்புத் தூண்கள் தண்ணீரில் நின்றன. ஆட்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாண்ட்டைச் சுருட்டிவிட்டு, அலையில் நின்றார்கள். கணுக்கால் நனைந்ததும் திரும்பினார்கள். எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை. இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவரும் குளிக்காமல் போகிறார்களே என்றாள் தங்கபுஷ்பம். கிறிஸ்டி சிரித்தாள். அம்மாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். சிபியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

மறுநாள் காலை ஓட்டலில் செல்லப்பா மூன்று புட்டு சாப்பிட்டார். மத்தியானம் வரை தாங்கும் என்றார்.

படித்துறையில் சிபி நின்றிருந்தான். கறுப்பாக, கொஞ்சம் குள்ளமாக, கட்டைவிரல் நகத்தில் கிரீஸோடு. கையைத் துடைத்துவிட்டுக் கும்பிட்டான். படகு மிகப் பெரியது என்று சொல்ல முடியாது. மூங்கில் பாயால் வளைத்த கூரை, முன்னால் பிரம்பு நாற்காலிகள், நடுவில் கட்டில் போட்ட ஒரு அறை, பின்னால் சமையல்கட்டு. அவன் அப்பா சுக்கான் பிடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து தலையை அசைத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். அம்மா ஏலிக்குட்டி முன்னால் வந்து தங்கபுஷ்பத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது. அடுப்படியிலிருந்து வந்திருக்கிறாள்.

வீட்டில்தான் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும், ஆனால் வீட்டுக்குள் போன வாரம் தண்ணீர் ஏறிவிட்டது, தரை இன்னும் காயவில்லை என்று ஏலிக்குட்டி மலையாளத்தில் சொன்னாள். தங்கபுஷ்பத்துக்கு மலையாளம் புரியும். புனலூரிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் குளிக்க வருகிறவர்களிடம் வியாபாரம் செய்து பழக்கம். படகு ஒரு கால்வாய்க்குள் திரும்பியபோது அந்த வீட்டைக் காட்டினார்கள். வரப்பின்மேல் ஓட்டு வீடு. அதற்குப் பின்னால் வயல், தண்ணீரைவிடப் பள்ளத்தில். வெளிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு. ஏலிக்குட்டி அந்தக் கோட்டை விரலால் காட்டி, ஒவ்வொரு வருஷமும் வரும், சில வருஷம் இடுப்பு வரைக்கும் வரும் என்றாள். மறைக்கவில்லை. செல்லப்பா தங்கையைப் பார்த்தார்.

முதலில் எலுமிச்சம்பழ ஜூஸ் வந்தது. இப்போதுதான் குடித்தோம் என்றார் செல்லப்பா. பிறகு டீயும் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்ததும் வந்தன. அவர் தனக்குச் சர்க்கரை என்றார். அது பொய். தங்கபுஷ்பம் வயிறு சரியில்லை என்றாள். வயிற்றுக்கு நல்லது என்று சிபி இளநீர் வெட்டிக்கொண்டு வந்தான். அதையும் தங்கபுஷ்பம் வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். கடைசியில் ஏலிக்குட்டி இரண்டு தம்ளர் சீரகத் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். தண்ணீர் ஆறியது. ஊரில் என்றால் ஜூஸோடு நின்றிருக்கும். இங்கே யாருக்கும் இது தெரியவில்லை. மறுக்க மறுக்க வேறு வேறு வந்துகொண்டிருந்தது.

செல்லப்பாவுக்குப் பசி தாங்காது. பின்னாலிருந்து கரிமீன் பொரிகிற வாசனை வந்தது. அவர் எழுந்து படகின் முனைக்குப் போய், நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிறிஸ்டி வந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எம்மா, தண்ணி கூடவா குடிக்க மாட்ட?"

"ஒனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதுல்லா. மீனு பிடிக்காதா, கோழி வாங்கிட்டு வரச் சொல்லட்டான்னு கேட்டாங்க. இப்ப நம்ம சபைக்காரங்க அவங்க கையால சாப்பிட மாட்டாங்களான்னு கேக்குதாங்க. கண்ணு கலங்கிட்டு. நான் என்னன்னு சொல்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல, வாறதுக்கு முந்தியே."

"நீ குடிச்சிருவன்னு நெனச்சேன்."

தங்கபுஷ்பம் எழுந்து, நானே சொல்கிறேன் என்று சமையல்கட்டுக்குப் போனாள். கிறிஸ்டியும் பின்னால் வந்தாள்.

ஏலிக்குட்டி வாணலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குருமுளகு என்று திரும்பாமலே மிளகுக்குக் கையை நீட்டினாள். கிறிஸ்டி தங்கபுஷ்பத்தைத் தாண்டிப்போய், மேல் தட்டில் ஒரே மாதிரி இருந்த டப்பாக்களில் பின்வரிசையில் இருந்த ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து கொடுத்தாள். எதையும் தேடவில்லை. மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டு, அடுப்பின் தீயைக் குறைத்தாள். பிறகுதான் அம்மா பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

இவள் இங்கே சாப்பிட்டு வெகுகாலம் ஆயிற்று என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். வந்தது கோபம் என்று முதலில் நினைத்தாள். கோபம் இல்லை. தன் கடையில் விட்டுப்போன பொருளை யாரோ ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்படுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது தன் முகம் அப்படி இருக்கும்.

கிறிஸ்டியை வெளியே போகச் சொன்னாள்.

ஏலிக்குட்டி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். தங்கபுஷ்பம் தனக்குத் தெரிந்த மலையாளத்திலும், தெரியாத இடத்தில் தமிழிலும் வழக்கத்தைச் சொன்னாள். சபைக்காகவோ சாதிக்காகவோ இல்லை என்றாள். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். இதை அவள் கிறிஸ்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அப்பா கடையத்திலிருந்து வாசுதேவநல்லூருக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனார். மே மாதம். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து போயிருக்கிறார்கள். அந்த வீட்டம்மா ஒரு தட்டில் கேசரி கொண்டு வந்து வைத்தாள். அப்பா யாரிடமோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு மும்முரத்தில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுவிட்டார். கூட வந்தவர்களின் முகம் மாறியதும்தான் அவருக்குத் தெரிந்தது. வாயில் கேசரி. துப்பவும் முடியாது. அந்தப் பையனைப் பற்றித் தெருவில் இன்னும் இரண்டு பேரிடம் விசாரிக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன், சாப்பிட்டுவிட்டேனே அம்மா என்று திரும்பி வந்து தங்கபுஷ்பத்திடம் சொன்னார். அதற்குப் பிறகு ஜோஷ்வா மாதக்கணக்கில் வராதபோதெல்லாம் அப்பா அரிசியும் காய்கறியும் எடுத்துக்கொண்டு வருவார். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். சாகும்வரை எந்தக் கல்யாண வீட்டிலும் கேசரியைத் தொடவில்லை. இலையில் வைத்துவிட்டால் பக்கத்து இலைக்குத் தள்ளுவார்.

ஏலிக்குட்டி அடுப்பை அணைத்திருந்தாள். உன் வீட்டுக்காரர் கெட்டவரா என்று கேட்டாள்.

"இல்ல. இருக்க மாட்டாவ. அவ்வளவுதான்."

அப்படியென்றால் எங்கள் பையனைப் பிடிக்கவில்லையா என்று ஏலிக்குட்டி கேட்டாள். இன்னும் தெரியவில்லை என்றாள் தங்கபுஷ்பம். அவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

ஏலிக்குட்டி தலையை ஆட்டினாள். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, மீன் தட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினாள். மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"எங்கில் ஞானும் கழிக்கில்லா, சேச்சி."

அப்படியென்றால் நானும் சாப்பிடவில்லை, அக்கா என்று. அவள் மட்டும் இல்லை. விருந்தாளி சாப்பிடாத வீட்டில் யார் சாப்பிடுவார்கள் என்று சிபிக்கும் சொல்லிவிட்டாள். சுக்கான் பிடித்திருந்த அப்பாவுக்கு மட்டும் யாரும் விவரம் சொல்லவில்லை. அவர் இரண்டு தடவை சோறு ஆயிற்றா என்று குரல் கொடுத்தார். பொறு என்று பதில் போயிற்று. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. படகு இன்னும் மெதுவாகப் போனது.

தங்கபுஷ்பத்துக்குச் சிபியிடம் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. அவன் பக்கவாட்டில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். டூரிஸ்ட்டுகளிடம் கற்ற தமிழ் அவனுக்கு இருந்தது.

"ராத்திரி வீட்டுக்கு வருவியாப்பா?"

அவன் கயிற்றை நிறுத்தினான். யோசித்தான்.

"சீசன்ல வரமாட்டேம்மா. டிசம்பர், ஜனவரி ரெண்டு மாசமும் போட்லதான். கெஸ்ட்டு உள்ள தூங்கும், நாங்க வெளிய. போட்டு கட்டற எடத்துலருந்து பார்த்தா எங்க வீட்டு லைட் தெரியும். ஆனா போக முடியாது."

"மத்த நேரம்?"

"மத்த நேரம் இங்கதான். வேற எங்க போறது?"

மழுப்பாமல் சொன்னான். அது நல்லதுதான். ஆனால் ஜோஷ்வாவும் பொய் சொன்னதில்லை. எப்போது வருவீர்கள் என்றால், தெரியாது என்பார். உண்மையாகவே அவருக்குத் தெரிந்திருக்காது. தங்கபுஷ்பம் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று ஒரே இடத்தில் நின்றது.

கிறிஸ்டி வந்து தரையில், அம்மாவின் காலருகில் உட்கார்ந்தாள். அம்மா சிபியிடம் கேட்டது அவளுக்குக் கேட்டிருந்தது.

"அப்பா மாதிரி இருப்பான்னு பயப்படுதியா?"

தங்கபுஷ்பம் ஆகாயத்தாமரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இவன் அப்பா மாதிரி இல்ல. ஆனா அத நான் சொன்னா நீ நம்ப மாட்ட. ஒண்ணு சொல்லுதேன். இவன் சீசனுக்குப் போவான். நான் நைட் டூட்டிக்குப் போவேன். சில நாளு நான் வரும்போது இவன் இருக்க மாட்டான், சில நாளு இவன் வரும்போது நான் இருக்க மாட்டேன். ஒன்ன மாதிரி வாசலப் பாத்துக்கிட்டு நான் உக்கார மாட்டேம்மா."

சொல்லிவிட்டு அவளுக்கே கஷ்டமாகிவிட்டது. அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். தங்கபுஷ்பம் அந்தத் தலையில் கை வைத்தாள். எண்ணெய் காணாத தலை. வகிடு கோணலாக இருந்தது. தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததை இந்தப் பிள்ளை எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை. பாடம் படிப்பதாகத்தான் அப்போதெல்லாம் நினைத்திருந்தாள்.

"பசிக்கா?" என்று கேட்டாள்.

"பசிக்கு."

"போயி சாப்பிடு. நீ இங்கன சாப்பிடுதவதான்."

கிறிஸ்டி தலையைத் தூக்கினாள். முகம் சிவந்துபோயிற்று. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு மறுபடியும் சாய்ந்துகொண்டாள்.

பிற்பகலில் படகு படித்துறைக்குத் திரும்பியது. அதுவரை ஒருவரும் சாப்பிடவில்லை. செல்லப்பா மட்டும் ஒரு முறை, மறதியாகச் சீரகத் தண்ணீரை எடுக்கப்போய், தங்கையின் பார்வையைப் பார்த்து, தம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

அவர்கள் இறங்கும்போது ஏலிக்குட்டி ஒரு துணிப்பையைக் கொண்டு வந்தாள். அதில் வாட்டிய வாழையிலையில் கட்டிய இரண்டு பொதி. கொடுத்த கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. இது வீட்டில் வைத்துச் சாப்பிட அல்ல, வழிக்கு என்றாள். வேண்டாம் என்று தோன்றினால் வழியில் பசித்தவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். கொடுத்ததா சாப்பிட்டதா என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் எனக்குச் சொல்லவேண்டாம்.

சிபியின் அப்பா சுக்கானை விட்டு எழுந்து வந்து கும்பிட்டார். அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பசியாக இருந்திருக்கும்.

கிறிஸ்டி பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். பஸ் கிளம்பியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். எதையும் கேட்கவில்லை.

கொல்லம் வரைக்கும் செல்லப்பா பொறுத்துக்கொண்டார். அங்கே பஸ் மாறும்போது ஓட்டலுக்குப் போகலாமா என்று கேட்டார். தங்கபுஷ்பம் பேசாமல் அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் துணிப்பை. இலையின் வாசனை வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி தங்கம். இது கவர்மெண்டு பஸ்ஸு. அவங்க வீடில்ல."

"சோறு அவங்க சோறுல்லா."

"சோறு அவங்க சோறுதான். எடம்? வழக்கம் எடத்துக்குத்தான். இன்னாரு வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னுதான் சொல்லுதாங்க. பஸ்ஸுல கூடாதுன்னு யாரு சொன்னா?"

"அப்ப நீங்க சாப்பிடுங்க அண்ணே."

"நீ பொண்ணுக்குத் தாயி. நீ சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிட?"

முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். செல்லப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புனலூர் தாண்டியதும் ரப்பர் மரங்களுக்கிடையில் வெளிச்சம் மஞ்சளாயிற்று. ரோடு ஏற ஆரம்பித்தது. தங்கபுஷ்பம் யோசித்துக்கொண்டே வந்தாள். சுவரின் ஈரக்கோடு, மேல்தட்டின் டப்பா, அவன் வீட்டு விளக்கு தெரிகிற தூரம். எது எதோடு சேரும் என்று பார்த்தாள். அப்பா அன்றைக்கு விசாரிக்க நினைத்த அந்த இரண்டு பேரிடம் விசாரித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? நல்ல பையன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஜோஷ்வா நல்ல பையன்தான். இதை அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். கேசரிமேல் தப்பில்லை அப்பா என்று ஒரு வார்த்தை. அவர் அரிசிப் பையோடு வந்து உட்கார்ந்திருந்தபோதெல்லாம் அவளும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

பசித்தவர் யாராவது பஸ்ஸில் இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பொதியை எடுத்து மடியில் வைத்தாள். பார்க்கத்தான் என்று அண்ணனிடம் சொன்னாள். நாரை அவிழ்த்து இலையைப் பிரித்தாள். வெள்ளைச் சோறு. ஒரு ஓரத்தில் பயறுப் பொரியல், ஒரு உருண்டை சம்மந்தி என்கிற தேங்காய்த் துவையல், ஒரு ஆம்லெட். நடுவில் மீன். மீன் முழுசாக இல்லை. உடைந்து, சிறு சிறு துண்டுகளாக இருந்தது. பையில் நசுங்கிவிட்டதாக முதலில் நினைத்தாள். விரலால் நிமிண்டிப் பார்த்தாள். முள் இல்லை. இன்னொரு இடத்தில் பார்த்தாள். அங்கும் இல்லை.

கரிமீன் உடம்பெல்லாம் முள். ஆடுகிற பஸ்ஸில் அதைச் சாப்பிட முடியாது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத ஒருத்தி, படகு திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், மூடி வைத்த தட்டைத் திறந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறாள். சாப்பிடுவார்களா, யாருக்காவது கொடுத்துவிடுவார்களா என்று தெரியாத ஆட்களுக்கு. யாருக்குக் கொடுத்தாலும் அவர்கள் தொண்டையில் குத்தக்கூடாது என்று இருந்திருக்கும்.

தங்கபுஷ்பம் வெகுநேரம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பாட்டில் தண்ணீரை விட்டுக் கழுவினாள். ஒரு துண்டு மீனை எடுத்துச் சோற்றோடு சேர்த்து வாயில் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு.

செல்லப்பா தன் பொதியைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். கிளம்பும்போது அண்ணன் குறித்துக்கொண்டிருந்த ஏலிக்குட்டியின் எண்ணைக் கேட்டு வாங்கினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் பின்னால் யாரோ சுவரைத் தேய்க்கிற சத்தம் கேட்டது.

"நான் தங்கபுஷ்பம். சாப்பிட்டுட்டேன்."

அந்தப் பக்கத்தில் சத்தம் நின்றது. ஏலிக்குட்டி யாரையோ கூப்பிட்டு, சோற்றை எடுத்து வை என்றாள். மறுபடி போனுக்கு வந்து, மிளகு எரிப்பு கூடிவிட்டதா என்று கேட்டாள். ஆடுகிற படகில் போட்டேன், கை தவறியிருக்கும் என்றாள்.

"கொஞ்சம் கூடுதல்தான் மதினி," என்றாள் தங்கபுஷ்பம்.

செல்லப்பா அந்த மதினியைக் கேட்டார். தன் பொதியின் நாரை அவிழ்த்தார்.